லாரியில் போகும் டேட்டா

கேள்வி: தாமிரக் கம்பி, ஃபைபர், வைஃபை... தகவல் அனுப்ப இதில் எது பெஸ்ட்?
(ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நாமக்கல்லில் இருந்துகொண்டு லாரியை விட்டுவிட்டீர்களே! கேலி இல்லை. 2016-ல் அமேசான் ‘ஸ்னோமொபைல்’ என்று ஒன்றை இறக்கியது. 45 அடி கன்டெய்னர், இழுக்க ஒரு டிரக், உள்ளே 100 பெட்டாபைட் கொள்ளளவு. நொடிக்கு 1 கிகாபிட் லைனில் அவ்வளவையும் அனுப்பினால் 25 வருஷம் ஆகும். லாரி எப்படியும் அதற்குள் போய்விடும், டிரைவர் டீக்கடைதோறும் நிறுத்தினாலும்.

ஆனால் காலையில் முட்டை விலையைச் சென்னைக்குச் சொல்ல லாரி ஆகாது. அதற்கு ஃபைபர்தான். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், இங்கிருந்து சென்னை அதற்குக் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. கோடை இடிக்கும் அசராது, கண்ணாடியில் மின்சாரம் பாயாதே. தாமிரமோ இடியையும் சேர்த்து மோடம் வரை கூட்டி வரும்.

தாமிரத்தையும் ஒதுக்க வேண்டாம். கோழிப்பண்ணை ஆபீஸிலிருந்து கேமராவுக்கு இழுக்க ஈதர்நெட் கேபிள் போதும். தோலை உரித்தால் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். வெளி இரைச்சலை அடக்கத்தான் அந்த முறுக்கு. 100 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள்.

வைஃபையா? ஹாலில் சிங்கம். கான்கிரீட் சுவர் இரண்டு வந்தால் பூனை.

லாரிக் கணக்கில் டோல்கேட் கட்டணம் சேர்க்கவில்லை.