ஃபார்வர்டு வைத்தியம்: வாசகர் கேள்விகள்

வாசகி, கும்பகோணம்: பக்கவாதம் வந்தவருக்குப் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று எங்கள் குடும்ப குரூப்பில் வந்தது. செய்யலாமா?

கூடவே கூடாது. கோளாறு மூளையில், விரலில் குத்தி என்ன பயன்? வாய் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். ஊசியும் கையுமாக வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இந்த நாலரை மணியில்தான் கழிகிறது. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் முதலில் கேட்பார். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாசகர், திருப்பூர்: வாட்ஸ்அப் மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் நம்பலாமா?

பல கை மாறி வந்தது என்பதற்குத்தான் அந்தக் குறி. எழுதியவர் யார் என்பதற்கு அதில் பதில் இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அனுப்ப வழி செய்த கம்பெனியே கடிவாளம் போட்டிருக்கிறது, நாமும் போட்டுக்கொள்ளலாம்.

வாசகி, திண்டுக்கல்: யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், சர்க்கரை நோய் ஒரே மாதத்தில் ஓடிவிடும் என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

வீடியோவுக்குக் கீழே பாருங்கள். பவுடர் வாங்க போன் நம்பர் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் பார்த்தது விளம்பரம். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பேசுகிறவர் அலோபதி டாக்டர் என்று சொன்னால் பதிவு எண் இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "இன்சுலினை நிறுத்துங்கள்" என்று எந்த வீடியோ சொன்னாலும் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலின் நின்றால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அந்தக் குழந்தையின் அம்மா உங்கள் குரூப்பில் இருக்கலாம்.

வாசகர், ஓசூர்: தமிழில் நம்பிப் படிக்க ஏதாவது உண்டா?

உண்டு. காக்ரேன் என்று தேடுங்கள். 1993-ல் இங்கிலாந்தில் தொடங்கிய அமைப்பு. ஒரு சிகிச்சையைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து, முடிவைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதுகிறார்கள். அந்தச் சுருக்கங்களில் பல தமிழிலும் கிடைக்கின்றன. போதிய ஆதாரம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதிவிடுகிறார்கள்; எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான். தேதியையும் பாருங்கள், பழைய ஆய்வைப் புதிய ஆய்வு மாற்றியிருக்கும். படிக்க நேரமில்லாதவர்கள் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிக் கேட்கலாம்.

வாசகர், காரைக்குடி: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஏ.ஐ.யிடம் காட்டினால்?

வார்த்தைகளுக்கு அர்த்தம் கேளுங்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாத்திரையின் அளவைக் கேட்காதீர்கள். தவறான பதிலையும் அதே தெளிவோடுதான் அது சொல்லும்.

வாசகி, மதுரை: தினமும் இளநீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்று பெரியப்பா குரூப்பில் போடுகிறார். மறுத்தால் மனஸ்தாபம் வருமே?

மனஸ்தாபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2017 பிப்ரவரியில் பார்த்தது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பெற்றோர் பலர் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்றார்கள்; முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம், அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி என்று வதந்தியை அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். உங்கள் பெரியப்பாவும் அப்படித்தான்.

அதனால் எல்லார் முன்னாலும் மறுக்காதீர்கள், தனியாகப் போன் போடுங்கள். கிட்னி பழுதான உறவினர் யாராவது இருந்தால் அவரைச் சொல்லியே பேசுங்கள். உதாரணமாக, "பெரியப்பா, நீங்க சொன்னா அத்தை மறுபேச்சில்லாம குடிச்சிடுவாங்க. அவங்களுக்கு டயாலிசிஸ் நடக்குது, டாக்டரைக் கேக்காம இளநீர் குடிக்கக் கூடாதாம்" என்று சொல்லுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறலாம். திருத்தத்தையும் அவர் பெயரிலேயே குரூப்பில் போடச் சொல்லுங்கள். அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

வாசகர், நாகர்கோவில்: அவசர ரத்தம் தேவை என்று வரும் மெசேஜையாவது யோசிக்காமல் அனுப்பலாமா?

அதையும் வேண்டாம். பாதி மெசேஜில் தேதியே இருக்காது. தேவை தீர்ந்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் அந்த நம்பரைக் கூப்பிட்டு, இன்னும் தேவையா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஊர், ஆஸ்பத்திரி, ரத்த வகை, இன்றைய தேதி எல்லாம் சேர்த்து நீங்களே எழுதி அனுப்புங்கள். மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருப்பு என்று தெரியும்; அதைப் பார்த்தும் சொல்லலாம். ரத்தம் கிடைத்துவிட்டால், அனுப்பிய இடத்திலெல்லாம் "கிடைத்துவிட்டது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.