பேணி விழும் ஓசை: யாழ்ப்பாணத்துத் தரைகள் பற்றிய ஒலியியல் விசாரணை

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றில் இரகசியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது பேசுபவரின் நாவடக்கத்தைப் பொறுத்தது என ஒழுக்க நூலார் கருதுவர். இவ்விசாரணை அப்பழியைத் தரையின்மேல் சுமத்துகிறது.

ஆய்வுக்குரிய மூல நிகழ்வு, குசினியில் சில்வர்ப் பேணி கைதவறி விழுதலாகும். சாணம் மெழுகிய மண்தரை மோதலின் விசையில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்வதால் பேணி ஒருமுறை முனகி அடங்கிவிட, இறுகிய சீமெந்துத் தரையோ வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால், விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர் "ஆர் போட்டது?" என்று எழும்வரை அது துள்ளித் துள்ளி ஒலிக்கும். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி தொடங்கியதைக் கைத்தொழில் வரலாறு முன்னேற்றமாகக் குறிக்கும். மத்தியான உறக்கத்தின் வரலாறு எழுதப்படின் அது வேறுவிதமாகக் குறிக்கக்கூடும்.

எழுந்த ஒலி பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்கும் காலம் எதிர்முழக்க நேரம் எனப்படும். 1895இல் ஹாவர்ட் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றின் முழக்கத்தைத் தீர்க்கப் பணிக்கப்பட்ட வாலஸ் சபின், இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்து அடுக்கி, அந்நேரம் அறையின் கொள்ளளவோடு கூடி, உறிஞ்சற்பரப்போடு குறையும் எனக் கண்டார். உறிஞ்சற்பரப்பாவது, அதே அளவு ஒலியை வெளியே போகவிடும் திறந்த யன்னலின் பரப்பு. யாழ்ப்பாணத்தார் மாபிள் என்று பொதுப்படச் சொல்லும் மெருகேற்றிய தரையோ, தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கையே விழுங்குவதால், 30 சதுர மீட்டர் மாபிள் முழுதும் சேர்ந்து செய்வது, உடுத்திய உடையோடு சும்மா அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர் செய்வதற்கு ஏறக்குறைய ஈடாகும். பனையோலைப் பாயும் எதிர்முழக்கத்தை அதிகம் குறைப்பதில்லை. கதிரை இழுபடும் சத்தத்தை மட்டும் அது அடக்கும்.

மண்தரையையே புகழ்வோர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பழைய நாற்சார் வீட்டில் ஒலியை விழுங்கியது பெரும்பாலும் சாணமன்று, நடுவே வானம் பார்த்த முற்றம். அதற்கு அடுத்தபடியாக, விறாந்தை நிறைய இருந்த ஆட்கள். வெளிநாட்டுக் காசில் எழுந்த புதிய மண்டபத்திலோ முற்றம் இல்லை, தூசிக்கு அஞ்சி யன்னல்களும் சாத்தப்பட்டிருக்க, மனித உறிஞ்சற்பரப்பு முதியவர் இருவரோடு முடிந்துவிடுகிறது. தொலைபேசியில் ரொறன்ரோவிலிருந்து மகன், "அம்மா, ஏன் கிணத்துக்குள்ளையிருந்து கதைக்கிறியள்?" என்று கேட்பது இதனாலேயே. அந்தக் கிணற்றுக்கு மாபிள் பதிக்கக் காசு அனுப்பியவர் அவர்தான்.