மைக்க அணைச்சிட்டு வா, மருமவனே

வா மருமவனே, வா. இப்படித் திண்ணையில உக்காரு. தொண்ட கட்டிப்போச்சா? கட்டாம என்ன செய்யும்! காலையில எட்டு மணியிலருந்து உடன்குடி பஜார்ல பெட்டிய வச்சிக்கிட்டு நீ போட்ட சத்தத்துல, கருப்பட்டி நிறுக்க தராசுத் தட்டு ரெண்டும் ஆடுச்சுன்னு கடைக்காரன் சொல்லுதான். ஒரே நாளையில முந்நூறு கைப்பிரதி குடுத்துட்டியாமே, நோட்டுல கணக்கு வேற எழுதிவச்சிருக்கியாமே. பேஷ். அதுல ஒண்ண நானும் பாத்தேன். டீக்கடையில பருப்புவடைய அதுல வச்சுத்தான் குடுத்தான். எண்ணெய நல்லா குடிச்சிருந்துச்சு. வசனம் தெளிவாத்தான் தெரிஞ்சுது, வடையிலதான் உப்பு கூட.

மூஞ்சியத் தூக்காத. நானும் சபைக்காரன்தான்லே. அம்பது வருசமா அதே பெஞ்சு, அதே ஓரம், ஐயர் பிரசங்கத்துல அதே இடத்துல தூக்கம். அசனத்துக்கு மட்டும் முதப் பந்தி. அதனால சொல்லுததுக்கு எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

நீ என்னமோ சுவிசேஷம் நேத்து மத்தியானம் சென்னை பஸ்ஸுல வந்து எறங்குன மாதிரில்லா பேசுத. இந்தா கெடக்கு மணப்பாடு, சைக்கிள மிதிச்சா போயிரலாம். 1542-ல சவேரியார் இந்தக் கரைக்கு வந்தாவ. அவிய இருந்தாவன்னு சொல்லுத குகை இன்னைக்கும் இருக்கு. அவிய வர்றதுக்கு ஆறேழு வருசம் முன்னாலயே முத்துக்குளித்துறை பரதவ சனம் ஆயிரக்கணக்குல ஞானஸ்நானம் வாங்கியாச்சு. கடல்ல முத்துச் சண்டை, தரையில பல பேரோட பகை, போர்ச்சுக்கீசியன் துணை வேணும்னு பட்டங்கட்டிமாரு, அதான் அவங்க ஊர்த்தலைவருமாரு, கொச்சிக்குப் போய்ப் பேசி முடிச்ச காரியம். தண்ணி ஊத்துன சாமியாருங்க கப்பலேறிப் போயிட்டாவ. இன்னது இதுன்னு சொல்லிக்குடுக்க ஆள் கெடையாது. நோட்டு நெறைய பேரு இருந்துச்சு மருமவனே, பேச்சுதான் இல்ல. ஒன் முந்நூறு மாதிரின்னு வச்சிக்கோயேன்.

சவேரியார் என்ன செஞ்சாவ? தூத்துக்குடியில தமிழும் போர்ச்சுக்கீசும் ரெண்டும் தெரிஞ்சவங்களத் தேடிப் பிடிச்சு உக்கார வச்சு, செபங்கள ஒவ்வொரு சொல்லா தமிழாக்கி, மனப்பாடம் பண்ணுனாவ. பொறவு கையில ஒரு மணிய எடுத்துக்கிட்டு தெருத்தெருவா நடந்தாவ. பிள்ளைய ஓடிவரும். அதுங்களுக்குச் சொல்லிக்குடுப்பாவ. பிள்ளைய வீட்டுக்குப் போய் ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லும். ஞானஸ்நானம் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சு போச்சுன்னு அவியளே எழுதியிருக்காவ. ஒனக்கும் கைவலிதான், இல்லன்னு சொல்லல, செல்போன உசரத் தூக்கிப் பிடிச்சதுல வந்தது.

“அவிய மணி அடிச்சாவ, நான் மைக்கு போடுதேன், என்ன மாமா வித்தியாசம்”னு கேக்கத்தானே வாயத் தெறக்க? மூடு. மணி ஆளக் கூப்பிடும், அதோட வாயடைச்சிரும். அதுக்குப் பொறவு மனுசன் மூஞ்சிய மனுசன் பாத்துப் பேசணும். ஒன் மைக்கு கூப்பிடவும் செய்யுது, பேசவும் செய்யுது, யாரும் வாரதுக்கு முன்ன முடிச்சும் போடுது.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், ஒங்க பயிற்சி வகுப்புல சொல்லியிருக்க மாட்டாவ. அம்புட்டுப் பெரிய புனிதருக்கு நம்ம தமிழு லேசுல வசப்படல. “விசுவசிக்கிறேன்”னு சொல்ல வேண்டிய எடத்துல “எனக்கு வேணும்”னு வச்சிட்டாவ! சர்வேசுரன் எனக்கு வேணும்! கடையில போய் கால் கிலோ கருப்பட்டி வேணும்னு கேக்க மாதிரி. மணப்பாட்டுப் பிள்ளைய சிரிச்சிருக்கும், அல்லது மருவாதைக்குச் சிரிக்காம இருந்திருக்கும். நம்ம சனம் அதுல கெட்டிக்காரங்க. யாரோ பையச் சொல்லியிருக்காவ. சொன்னதும் அவிய கோவப்படல. கூட வேலை பாத்த மான்சிலாஸுக்குக் கடுதாசி போட்டு, இனிமே “வேணும்”னு சொல்லாதயும், அதுக்கு ஆசப்படுததுன்னு அர்த்தமாம், “விசுவாசம்”னு சொல்லும்னு திருத்துனாவ. அதோட இன்னொரு சொல்லு. யேசு பாடுபட்டத சொல்லுத எடத்துல “வன்பினாலே”ன்னு வச்சிருந்தாவளாம். அதையும் எடுத்துப் போடும், அதுக்குப் பலவந்தமான்னுல்லா அர்த்தம், அவர் மனசாரத்தானே பாடுபட்டார்னு எழுதுனாவ.

“வேணும்” ஒண்ணு, “வன்பினாலே” ஒண்ணு. நானூத்தி எண்பது வருசத்துக்கு முன்ன அடிச்சுப் போட்ட ரெண்டு சொல்லையும் நீ குப்பையிலருந்து பொறுக்கி, பெட்டியில வச்சு பஜார்ல வெக்கிறியே மருமவனே! எனக்கு இத்தனை ஆத்துமா வேணும், இந்தத் தெரு வேணும், இந்த வருசத்துக்குள்ள வேணும். வராதவன் காதுல வன்பினாலே ஊத்துவேன். சவேரியார் திருத்துன பிரதி ஒங்க ஆபீசுக்கு வந்து சேரலயோ?

1544-ல வடுகர் படை வந்து தெக்க குமரி முனைப் பக்கம் கொள்ளையடிச்சுது. சனம் கடல்ல இருந்த பாறைகள்ல ஏறி உக்காந்து, பசியும் தாகமுமா கெடந்துச்சு. சவேரியார் மணப்பாட்டுலருந்து இருவது தோணியில கெளம்புனாவ. எட்டு நாளு எதிர்க்காத்து, தோணி நகரல. சரின்னு நடந்தே போய்ச் சேந்தாவ. அங்க போய் மொதல்ல கைப்பிரதியா நீட்டியிருப்பாவ?

அவியளுக்குப் பொறவு அண்டிரிக்கு பாதிரியார். அவிய நம்ம எலக்கணத்தையே மண்டையில ஏத்திக்கிட்ட ஆளு. 1578-ல கொல்லத்துல அச்சான “தம்பிரான் வணக்கம்” அவிய வேலை, பதினாறே பக்கம். மேக்க இடையன்குடிக்கு 1841-ல கால்டுவெல் ஐயர் வந்தாவ, சென்னையிலருந்து நடந்தே. நாப்பது வருசத்துக்கு மேல அங்ஙனயே இருந்து, செத்தது கொடைக்கானல்லன்னாலும் அடக்கம் இடையன்குடி மண்ணுலதான். கால்டுவெல் ஐயருக்கும் முந்தி, 1799-ல முதலூர உண்டாக்குனது துரை இல்லலே, நம்ம சனத்துல பொறந்த தாவீது சுந்தரானந்தம். சொந்தக்காரங்ககிட்டப் போய்ப் பேசினாவ. சொந்தக்காரங்ககிட்ட! அது எம்புட்டுக் கஷ்டம்னு, ஒங்க அப்பன்கிட்ட நான் கொடுத்த கடனத் திருப்பிக் கேட்டவன், எனக்குத் தெரியும். (முதலூர் போனா மஸ்கோத் அல்வா கால் கிலோ வாங்கிட்டு வா, ஊழியத்தோட சேத்து நடக்கட்டும்.)

கருப்பட்டிய நீ கண்டிருக்க, காய்ச்சிப் பாத்திருக்க மாட்ட. விடிலியில எங்க ஆத்தா காய்ச்சும். பதனீரத் தாச்சியில ஊத்தி, காஞ்ச ஓலைய எரிச்சி, கிண்டிக்கிட்டே நிக்கணும். பொங்கி வரும்போது ரெண்டு ஆமணக்குக் கொட்டைய நசுக்கிப் போடும், அடங்கும். தீய வேகமா வச்சா தீஞ்சு போவும். பதம் தப்பி எறக்குனா செரட்டையில ஒறையாது. இப்ப அம்புட்டு நேரம் நிக்க ஆருக்குப் பொறுமை? சீனிய அள்ளிப் போடுதான், சட்டுன்னு ஒறைஞ்சிரும், பளபளன்னு இருக்கும், எடையும் நிக்கும். நம்மூர்க்காரன் ஒரு கடி கடிச்சதும் துப்பிருவான். வெளியூர்க்காரன்தான் ஏமாருவான். நீ வீடியோவ வெளியூருக்குத்தானே அனுப்புத?

சரி, கடேசியா ஒண்ணு. நேத்து சாயங்காலம் மேலத் தோப்புல ஒரு பனையேறிய நிப்பாட்டி, “ஐயா, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா”ன்னு கேட்டியாமே. அவன் பேரு கேட்டியா? கேக்கல. அவன் குலசை தசராவுக்கு வருசந்தவறாம காளி வேசம் போடுதவன், நாப்பத்தியோரு நாளு வெரதம். எங்க அப்பா பனையிலருந்து விழுந்தப்போ தோள்ல தூக்கிட்டு ஓடுனது அவன் அப்பன். ஒன் கேள்விக்கு அவன் என்னா சொன்னான்? “வாரேன் தம்பி, ரெண்டு மரம் பாக்கி இருக்கு”ன்னு சொல்லிட்டு ஏறிட்டான். ஒன்ன விட்டு நாப்பதடி ஒசரத்துக்குத் தப்பிச்சுப் போயிருக்கான் பாவம்.

அவன் பொண்டாட்டி மூணு நாளா ஆஸ்பத்திரியில. வீட்டுல அடுப்பு எரியல, ரெண்டு பிள்ளைய வேற. ஒங்க அத்தை சோறும் மீன்கொழம்பும் தூக்குவாளியில போட்டு வச்சிருக்கா. எடுத்துக்கிட்டுப் போ. அவன் மரத்தவிட்டு எறங்குத வரைக்கும் கீழ நில்லு. பேரு கேளு. என்ன சொல்லுதான்னு கேளு. அவன் கேட்டா மட்டும் நீ ஆருன்னு சொல்லு. பெட்டி இங்ஙனயே கெடக்கட்டும், கோழி அடைய எடம் இல்லாமத்தான் கெடக்கு. தூக்குவாளிய மறக்காம திருப்பி வாங்கிட்டு வந்துரு, அது ஒங்க அத்தை சீதனமா கொண்டுவந்தது.