சிக்கன விலைக் கேமராத் தேர்வில் இரும்புப் பீரோவின் பங்கு: ஓர் ஆய்வு

கருதுகோள்

அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற டிஜிட்டல் கேமரா எது என்னும் வினாவுக்கு விடை காணப் புகுந்தோர் அனைவரும் கேமராவையே ஆராய்ந்தனர். அது வைக்கப்படும் இடத்தை ஒருவரும் ஆராய்ந்திலர். இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேமராவின் விலை ஏற ஏற, அது வீட்டின் உட்பகுதி நோக்கி நகர்கிறது. டி.வி. ஸ்டாண்டில் தொடங்கி, புத்தக அலமாரியின் மேல்தட்டைக் கடந்து, கடைசியில் இரும்புப் பீரோவின் லாக்கரில் நகைப்பெட்டிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே போய் அடங்குகிறது. லாக்கரை அடைந்த கேமரா படம் எடுப்பதில்லை. ஆகவே, எந்த விலையைத் தாண்டினால் ஒரு குடும்பத்தார் ஒரு பொருளைப் பூட்டி வைக்கத் தொடங்குவார்களோ, அதுவே அவர்கள் வாங்கத்தக்க கேமராவின் உச்ச விலை. இதனைப் 'பீரோ வரம்பு' என்று இவ்வாய்வு குறிக்கும்.

பீரோ வரம்பு வீட்டுக்கு வீடு மாறும். அதை அறிய வருமானச் சான்றிதழ் வேண்டா. கல்யாணச் சீராக வந்த டின்னர் செட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அட்டைப்பெட்டி பிரிபடாமல் பரணில் இருக்குமானால், அவ்வீட்டில் வரம்பு மிகத் தாழ்ந்தது என்று கொள்க. அங்கே சம்பளம் எவ்வளவு என்பது பொருட்டன்று.

பரபக்கம்

பிறர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத் தம் கொள்கையை நிறுவுவது சித்தாந்த நூலோர் வழக்கம். நாமும் அவ்வழியே செல்வோம்.

முதற்கண் வருவோர் மெகாபிக்சல்வாதிகள். எண்ணிக்கை கூடக்கூடப் படம் தெளியும் என்பது இவர்தம் கோட்பாடு. கடைக்காரர்களிடம் இதற்குச் செல்வாக்கு மிகுதி. எண்ணைச் சொல்லி விற்பது எளிதல்லவா? இவர்களை நோக்கி நாம் கேட்பது ஒன்றே: படம் எங்கே போய்ச் சேரப் போகிறது? ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குல அளவில் பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். பெருக்கினால் 21 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். முழு எச்.டி. தொலைக்காட்சியின் திரையோ 1920க்கு 1080. அதுவும் ஏறத்தாழ அவ்வளவுதான். சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்துக்கே 7.2 மெகாபிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் போகும் படமானால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். ஆக, இருபது மெகாபிக்சலில் பிடிக்கப்பட்ட பெரியம்மாவின் சஷ்டியப்தபூர்த்தி, சொந்தங்களின் கைக்கு இரண்டு மெகாபிக்சலாகவே வந்து சேர்கிறது. மீதிப் பதினெட்டு மெகாபிக்சல் கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

அன்றியும், விலை குறைந்த சிறு கேமராக்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கும் சென்சார் 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படுவது. இந்த அங்குலத்தை அளவுகோல் கொண்டு அளக்க முற்பட்டோர் ஏமாந்தனர். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து எழுந்த கணக்கு அது. குழாய் போய்க் காலம் பல ஆகியும் கணக்கு மட்டும் போகவில்லை. சென்சாரின் மெய்யான அளவு 6.17க்கு 4.55 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தில் இடம் போக மீதமிருக்கும். பழைய பிலிம் சட்டத்தின் அளவான 36க்கு 24 மில்லிமீட்டரில் இது முப்பதில் ஒரு பங்குதான். இத்தனை சிறிய இடத்தில் பதினாறு மில்லியன் புள்ளிகளை உட்கார வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு மைக்ரான் சொச்சம் அகலம். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட ஆட்டோவில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோல்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் பாதகமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒளி போதாமல், படமெங்கும் புள்ளி புள்ளியாய்த் தவிடு தூவினாற்போல் ஆகிவிடும்.

இதற்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. அப்பதினாறு மில்லியனில் பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டும் காண்பவை; கால் பங்கு சிவப்பை மட்டும்; கால் பங்கு நீலத்தை மட்டும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பட்டுப்புடவையின் அரக்கு நிறத்தை எந்தப் புள்ளியும் முழுதாகக் கண்டதில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கேமரா தானே கணித்துக்கொள்கிறது. பெண் பார்க்கப் போய்வந்தவர்கள் சொல்லும் வருணனையும் இந்த முறையில் அமைந்ததே.

அடுத்து ஜூம்வாதிகள். இவர்களுள் ஆப்டிகல், டிஜிட்டல் என இரு பிரிவினர். முன்னவர் லென்ஸ் மெய்யாகவே நகர்வதால் மெய்ம்மையர். பின்னவர் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி இதோ கிட்டே வந்துவிட்டது என்பர், ஆகவே மாயாவாதிகள். டப்பாவில் இரண்டையும் பெருக்கி ஒரு பெரிய எண் போட்டிருந்தால், அதை விலக்கி ஆப்டிகல் என்னும் சொல்லுக்கு முன்னே உள்ள எண்ணை மட்டும் கொள்க. வீட்டுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு தாராளம்.

ஃபிளாஷ்வாதிகளுக்கு விரிவான மறுப்புத் தேவை. கல்யாண மண்டபங்கள் இவர்களால் நிரம்பியிருக்கின்றன. சிறு கேமராவில் உள்ள ஃபிளாஷ் நாலு மீட்டருக்கு அப்பால் பயன்தருவது அரிது. தொலைவு இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். இஃதறியாது பத்தாம் வரிசையில் நின்றபடி மேடையை நோக்கி ஃபிளாஷ் போடுவோர் பெறுவது யாதெனின், ஒன்பதாம் வரிசைக்காரரின் வழுக்கைத் தலை. அது மிகத் துலக்கமாக விழும். அதற்கு அப்பால் இருளில் தாலி கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

சிவந்த கண் விவகாரமும் இதனுள் அடங்கும். ஃபிளாஷ் லென்ஸுக்கு அருகே இருப்பதால், விரிந்த கண்மணி வழியே உட்சென்ற ஒளி விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தநாளங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. அதைத் தடுக்க முன்கூட்டி ஒரு மின்னல் அடித்துக் கண்மணியைச் சுருங்கவைப்பர். விளைவு என்ன? முதல் மின்னலிலேயே படம் எடுத்தாயிற்று என்று நினைத்து மாமா பந்திக்குப் போய்விடுகிறார். மெய்யான படத்தில் அவருடைய முதுகு இருக்கிறது. அம்முதுகில் சிவந்த கண் இல்லை என்பது மட்டும் இம்முறையின் வெற்றி.

கடைசியாக, போனே போதும் என்பார். பரபக்கத்தில் வலிமை மிக்கோர் இவர்களே. நல்ல போனின் சென்சார் சிறு கேமராவுடையதற்கு இளைத்ததன்று. பல படங்களை ஒரே நொடியில் எடுத்து ஒன்றாக இணைக்கும் வித்தையும் அதற்குத் தெரியும். உலகச் சந்தையே இவர்கள் பக்கம்தான்: ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010இல் 12 கோடியைத் தொட்டது, இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் கீழே. மேலும், போன் எந்நாளும் பீரோவுக்குள் போவதில்லை என்பதால், எம் கொள்கைப்படியே அதுதான் உத்தமக் கேமரா அன்றோ என்று இவர்கள் மடக்குவர்.

அற்றன்று. போன் பீரோவுக்குள் போவதில்லை. ஆனால் இன்னொருவர் கைக்கும் போவதில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடமோ அத்தைப் பாட்டியிடமோ போனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனவர் எவருளர்? கொடுத்தாலும் கண் அதன்மேலேயே இருக்கும். எந்த மெசேஜ் எப்போது வந்து விழுமோ? எனவே போனில் உள்ள படங்கள் யாவும் ஒருவர் கண்ட குடும்பமே. சிறு கேமரா மேசைமேல் கிடந்தால் நாலு பேரும் எடுப்பர். பிள்ளை எடுத்த படங்களில் எல்லாரும் முழங்காலுக்குக் கீழே இருப்பர் என்பதை ஒரு குறையாக யாம் கருதவில்லை.

சுபக்கம்

இனி எம் கொள்கை. இதற்கு மூவகைச் சான்றுகள் தரப்படும்.

முதலாவது வரலாறு. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் என்னும் இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். நூற்றுக்கு நூறு புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. பிலிம் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த நிறுவனம் அதைப் பாராட்டிவிட்டுப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டது. அதாவது பீரோவில் வைத்தது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அவ்வாண்டே டிஜிட்டல் கேமராத் தொழிலையும் விட்டது. இன்று கடையில் அப்பெயர் தாங்கிக் கிடைக்கும் மலிவுக் கேமராக்கள், பெயரை உரிமத்துக்கு வாங்கிய வேறொரு நிறுவனத்தார் விற்பவை. ஒரு நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தாவரவியல், பூஞ்சையையும் அதில் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கப்படி. இருட்டு, ஈரக்காற்று, காற்றோட்டமின்மை ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் இம்மூன்றும் சேரும் இடம் பீரோவே. பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறைக்குள் போட்டு வைத்தால், அந்த உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு உதவும். வெளியே கிடந்து வெளிச்சம் கண்டு, அடிக்கடி கைபடும் கேமராவுக்கு இந்நோய் குறைவு.

மூன்றாவது கல்வெட்டியல். படத்தின் வலக்கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி பொறிக்கும் வசதியை அறிவோம். நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தால் கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலமும் வற்றிவிடும். அப்போது தேதி, தயாரிப்பாளர் வைத்த முதல் நாளுக்குத் திரும்பும். பெரும்பாலும் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1. லாக்கரிலிருந்து விசேஷத்துக்கு மட்டும் வெளிவரும் கேமரா ஒவ்வொரு தடவையும் இவ்வாறே பிறந்தநாளில் நின்று பேசும். அவ்வீட்டு ஆல்பத்தை மட்டுமே சான்றாகக் கொள்ளும் வருங்கால வரலாற்றாசிரியர், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் அனைத்தும் 2008 ஜனவரி 1ஆம் நாளிலேயே நடந்தன என்றும், ஒரே பெண்ணுக்கு அன்று காலை ஏழு வயதும் மாலை பதினேழு வயதும் ஆயின என்றும் முடிவு செய்வார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இடைச்செருகல்

பீரோ வரம்பு மிகத் தாழ்ந்த வீட்டார் பழைய கேமரா வாங்குவது உண்டு. சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தேடித் திரியும் இளைஞர்கள் இப்போது மிகுதி, பழைய சி.சி.டி. சென்சாரின் நிறத்துக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டுபிடித்த வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகளின் அங்கீகாரம் அதற்கும் பின்னர்தான் கிடைத்தது.

வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நூலாம்படை தெரிந்தால் அது பூஞ்சை. லென்ஸ் வெளிவரும்போது நறநறவென்றால், அதை முன்பு வைத்திருந்தவர் மெரினா மணலுக்குப் போனவர். மிகப் பழைய மாடல்கள் 2 ஜி.பி. வரையிலான எஸ்.டி. கார்டை மட்டுமே ஏற்கும். அதற்குமேல் உள்ளவை வேறு வகை, உள்ளே போகும், ஆனால் கேமராவுக்குப் புரியாது. அந்தச் சின்னக் கார்டு கிடைப்பதே இப்போது தனி ஆராய்ச்சி. பேட்டரியைப் பொறுத்தவரை, பென்டார்ச் செல் போடும் மாடலே சாலச் சிறந்தது என்பது எம் துணிபு. தனி வடிவ லித்தியம் பேட்டரிக்குத் தனி சார்ஜர் வேண்டும். சார்ஜர் தொலைந்த அன்றே கேமராவின் ஆயுள் முடிந்தது. செல்லோ பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் மலிவான துத்தநாகச் செல் நாலு ஃபிளாஷுக்குத் தாங்காது. ஆல்கலைன், அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் கேட்டு வாங்குக.

புறனடை

மேற்கூறியவற்றால், விலை குறையக் குறைய நன்று என்று சிலர் பிறழ உணரக்கூடும். அன்று. பீரோ வரம்புபோலவே கீழேயும் ஒரு வரம்பு உண்டு; அதன் பெயர் இரவல். மேசைமேல் கேட்பாரற்றுக் கிடக்கும் மலிவான கேமராவைக் கண்டதும், "மச்சான், நாளைக்குக் கொடைக்கானல் போறோம், இதை எடுத்துக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்கும். "அதெல்லாம் விலை ஜாஸ்திப்பா" என்று சொல்ல வழியில்லை. திரும்பி வருகையில் கார்டு முழுவதும் குணா குகை முன்னே முகம் தெரியாத ஆறேழு பேர் நிற்பர்.

இவ்விடத்தில் யாம் முன்னே தள்ளிய லித்தியம் பேட்டரி ஒரு நற்பண்பு காட்டுகிறது. அதை இரவல் கேட்பவர் சார்ஜரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது எங்கே என்று நாம் யோசித்துக்கொண்டே நின்றால், பாதிப்பேர் அங்கேயே பின்வாங்குவர். ஆயினும் அண்மை மாடல்கள் பல, போன் வயரிலேயே சார்ஜ் ஏறுகின்றன. இதனால் அந்த அரணும் இடிந்தது.

மிஞ்சிய உபாயம் ஒன்றே. கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கேமராவைச் சிரித்த முகத்தோடு கொடுக்கலாம். மலையேறிய பிறகே அவருக்கு விஷயம் தெரியவரும். உள்ளேயே கொஞ்சம் நினைவகம் உள்ள மாடலானால் நாலைந்து படம் விழும். கொடைக்கானலுக்கு அது போதும்.