வீட்டுக்காரர் ஆகப்போகிறீர்களா?

‘படுத்துக்கொண்டே வருமானம்’ என்கிறது விளம்பரம். படுக்கப்போவது நாம்தான். எழுந்திருப்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். மறுவிற்பனை. 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 7 லட்சத்து 20 ஆயிரத்தை அரசாங்கம் முதலில் எண்ணி வாங்கிக்கொள்ளும். இவ்வளவு வாங்கினாயே, வீடு எனக்குத்தான் என்று உத்தரவாதம் தருவாயா? தராது. இங்கே பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. தாய்ப்பத்திரம் தேடுவது, வில்லங்கம் போடுவது, வக்கீலைப் பார்ப்பது எல்லாம் உங்கள் பாடு. நாளைக்கு இன்னொருவன் பத்திரத்தோடு வந்து நின்றால் கோர்ட்டுக்குப் போங்கள். அங்கேயும் கட்டணம் உண்டு.

அடுத்து வங்கி. 64 லட்சம் கடன், எட்டரை வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. மாதம் சுமார் 55,500. வாடகை? வீட்டு விலையில் வருஷத்துக்கு 3 சதவீதம் தேறினால் அதிர்ஷ்டம். மாதம் 20,000. அதிலும் மெயின்டனன்ஸ், வீட்டுவரி, புரோக்கர் கமிஷன், ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதங்கள். மிச்சம் 35,000 சொச்சத்தை நம் சம்பளத்திலிருந்து அழ வேண்டும். இதற்குப் பெயர் முதலீடு. 20 வருஷத்தில் வட்டி மட்டும் 69 லட்சம். வாங்கிய கடனையே தாண்டிவிடும். குடித்தனக்காரர் குடியிருக்கிறார். வங்கி வாழ்கிறது. நாம் ஓனர்.

“வாடகையை விடுங்க சார், விலை ஏறுமே!” என்பார் புரோக்கர். ஏறுவது நிலம். கட்டடம் கிழடுதான் தட்டும். 1,200 சதுர அடி என்று விற்றதில் மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் நாற்காலி போட்ட இடம் எல்லாம் அடக்கம். நிலத்தில் நம் பங்கு, அதுதான் யு.டி.எஸ்., எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு உடனே வேறொரு போன் வரும்.

‘ஏரி பார்த்த வீடு’ என்று விலையைக் கூட்டுகிறார்களே, அந்தக் கொழுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே சாலையை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டினார்கள். சாலை போட்டார்கள். அரசு நிறுவனமே கட்டடம் எழுப்பியது. எல்லாம் முடிந்தபின், 2022-ல், எஞ்சியது உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, கைதட்டினோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏரியே வீட்டைப் பார்க்க வந்தது. 2019 கோடையில் குடத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. வீட்டில் மட்டும் என்ன வழிந்தது? மழைக்குப் படகு, வெயிலுக்கு லாரி. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் வரி கட்டியவர்கள்.

இந்தக் கடுப்பை யாரிடம் காட்டுவது? விற்றவர் போனை எடுப்பதில்லை. வங்கியில் எந்திரம் பேசுகிறது. கையில் கிடைப்பவர் குடித்தனக்காரர்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம்; இருவரும் ஒத்துக்கொண்டால் கூடும் என்கிறது அதே வாக்கியம். ஒத்துக்கொள்ளாதவருக்கு வீடு கிடைக்குமா? ஆகவே ஆறு மாதம், பத்து மாதம். சைவம் மட்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். முக்கியமாக, என் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்தச் சுவர் இன்னும் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது.