வீட்டுக்கு அனுப்புவோர் சங்கம்

கற்பிட்டியில் ஒருவர் மன்செஸ்டர் யுனைடெட் ஆதரவாளர் என்றால் வயது நாற்பதைத் தாண்டியவராக இருப்பார், இல்லையேல் அப்படி ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவராக இருப்பார். வேறு வகை கிடையாது. 1999 மே மாதம் பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நேரத்தில் விழுந்த இரண்டு கோல்களை இங்கே சாமத்தில் முழித்திருந்து பார்த்த தலைமுறை, வளவையும் வள்ளத்தையும் பிள்ளைகளுக்கு எழுதி வைத்ததோ இல்லையோ, இந்த அணியை எழுதி வைத்துவிட்டது. 2013இல் சேர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொத்தில் மிஞ்சியது கடன் பகுதி மட்டும்தான்.

நான் லிவர்பூல்காரன். யுனைடெட் விடயத்தில் என்னிடம் யாரும் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் சங்கம் கூடுவது சலூனில். பதிவு, யாப்பு, சந்தா எதுவும் இல்லை. வேலைத்திட்டம் ஒன்றுதான்: ஐரோப்பாவில் எந்த முகாமையாளரை எப்போது வீட்டுக்கு அனுப்புவது. சலூன் நானா ஆர்சனல். கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு, "ஆர்டேட்டாக்கு இன்னும் டைம் குடுக்கணுமா, வாணாமா?" என்று கேட்பார். அந்த நிலையில் இந்த ஊரில் இதுவரை மாற்றுக்கருத்து எழுந்ததில்லை. வெங்கரை 22 வருடம் வைத்திருந்த பொறுமைசாலிகள் தாங்கள் என்பது அவர் பெருமை. 2020 டிசம்பரில் ஆர்சனல் பதினைந்தாம் இடத்தில் கிடந்தபோது ஆர்டேட்டாவை உடனே அனுப்பச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பதை, சவரம் முடித்து, எழுந்து, காசும் கொடுத்த பிறகே நினைவூட்ட முடியும்.

அடுத்தவர் எங்கள் சம்மாட்டி. யுனைடெட். மொயெஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷா, டென் ஹாக், அமோரிம் என்று பெர்குசனுக்குப் பின் நிரந்தரமாக வந்து நிரந்தரமாகப் போன ஆறு பேரையும், இறந்துபோன சொந்தக்காரரைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வார். மொயெஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் எழுதினார்கள். பத்து மாதத்தில் முடிந்தது. டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், ஒக்டோபரில் அனுப்பினார்கள். பிறகு அவர் ஜேர்மனியில் லெவர்குசனுக்குப் போனார். அங்கே இரண்டு லீக் ஆட்டம்தான். "நம்மட்ட ரெண்டு வருஷம் இருந்த மனுசன், அங்க ரெண்டு கிழமை தாங்கல்ல" என்று அதிலும் ஓர் ஆறுதல் கண்டுபிடித்தார் சம்மாட்டி.

அந்த நாட்களில் அலைச்சறுக்கு விளையாட வந்த ஒரு நெதர்லாந்துப் பையன் தலைமயிர் வெட்ட உள்ளே வந்து மாட்டிக்கொண்டான். 1667இல் ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்களே, அதற்கு இந்த ஊரில் யாரும் எந்த ஒல்லாந்தரிடமும் விளக்கம் கேட்டதில்லை. வான் காலுக்கும் டென் ஹாக்குக்கும் சேர்த்து அவனிடம் கேட்டார்கள். பாவம், அவனுக்குப் பந்தாட்டத்தில் ஈடுபாடே இல்லையாம். அதைச் சம்மாட்டி கடைசிவரை நம்பவில்லை.

தலவிலப் பக்கத்திலிருந்து ஐஸ் எடுக்க வருகிற அண்ணன் செல்சி ஆதரவாளர். 2012 மே மாதம் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்த டி மத்தேயோவை நவம்பரில் அனுப்பிய அணிக்கு ஆதரவாளராக இருப்பதால், அவருக்கு எதிலும் பதற்றம் கிடையாது. ஒருமுறை மட்டும் கோபப்பட்டார். எப்படித் தோற்றாலும் தன் மூன்று-நான்கு-மூன்று அமைப்பை விடாத அமோரிம், பாப்பரசரே சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்று 2025 செப்டெம்பரில் பேசியிருந்தார். "நாலாந்தர கிரிம்ஸ்பியிட்ட தோத்துட்டு வந்து பாப்பரசர இழுக்கிறானா? தலவிலக் கோயில் அன்னம்மா தாயார் பார்த்துக்கொள்ளுவா" என்றார் அண்ணன். அடுத்த ஜனவரியில் அமோரிம் போனார். முந்திய பருவத்தில் முடித்த பதினைந்தாம் இடமும், சொந்தமாகப் பேசிய பேச்சுகளும்தான் காரணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சங்கம் ஏற்கவில்லை.

எங்கள் விவாதங்கள் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் ஆட்டத்தை யாரும் முழுதாகப் பார்க்காததே. கச்சான் காற்று அடங்கி மேற்குக் கடல் படிவது ஒக்டோபரில்; ஏப்ரலுக்குப் பிறகு மறுபடி கொந்தளிக்கும். ஐரோப்பியப் பந்தாட்டத்தின் உச்சக் காலமும் அதுவே. சம்பியன்ஸ் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் நம் நேரத்துக்கு இரவு ஒன்றரைக்குத் தொடங்கும்; வள்ளம் இறக்கும் நேரம் அதற்குக் கொஞ்சம் பிறகுதான். ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் முதற்பாதி நிபுணர்கள். கரையில் இருக்கிறவர்கள் தூங்கிவிட்டுக் காலையில் முடிவை மட்டும் வாசிக்கிறவர்கள். இரு தரப்பும் சலூனில் சந்திக்கும்போது, மாற்று வீரரை அறுபதாம் நிமிடத்தில் இறக்கியது சரியா பிழையா என்று நடக்கிற சண்டையில், அறுபதாம் நிமிடத்தைப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

எதற்காக இவ்வளவு ஆவேசம் என்று நானும் யோசித்ததுண்டு. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதி உள்ள ஒரே உத்தியோகம் முகாமையாளர் வேலைதான் என்று நினைக்கிறேன். நம் கரையில் நிற்கிற நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையே பாருங்கள்: 900 மெகாவொட். 2025 பெப்ரவரியில் நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏறிய ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நுரைச்சோலை இயந்திரங்கள் மீண்டும் ஓட நாட்கள் ஆயின. சாக்குச் சொல்ல மொரின்யோவுக்கு நடுவர் உண்டு, காயம் உண்டு, காலநிலை உண்டு. ஆனால் குரங்கு என்ற வசதி எந்த முகாமையாளருக்கும் கிடைத்ததில்லை. 2022 ஜூலையில் ஒரு ஜனாதிபதியை ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பிய அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டுதான். அதற்கு நாடே வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது. யுனைடெட்டில் அதே வேலையைக் காலைத் தேநீருக்கு முன் ஓர் அறிக்கையில் முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நாவூறுகிறது.

அதனால்தான் எங்கள் லிவர்பூல் முகாமையாளர் க்ளொப் 2024 ஜனவரியில் தானாகவே போகிறேன், சக்தி தீர்ந்துவிட்டது என்று அறிவித்தபோது சங்கம் நம்ப மறுத்தது. மீனவர் சங்கப் பொருளாளர் பதவியைக்கூட இந்தக் கரையில் யாரும் தானாக விட்டு நான் பார்த்ததில்லை. "உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு நடந்திருக்கு" என்றார் நானா. எனக்கும் இலேசான சந்தேகம்தான். அவருக்குப் பின் வந்த ஸ்லொட் முதல் பருவத்திலேயே பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த நவம்பரில் சொந்த மைதானத்தில் நொட்டிங்ஹாம் போரஸ்டிடம் மூன்று கோலில் தோற்றபோது, ஸ்லொட்டை அனுப்பும் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். சம்மாட்டி வழிமொழிந்தார். எங்களுக்குள் ஒற்றுமை வருவது இப்படித்தான்.

அனுப்பப்படுகிறவருக்காக யாரும் அழ வேண்டியதில்லை. டென் ஹாக்கையும் உதவியாளர்களையும் அனுப்புவதற்கு யுனைடெட்டுக்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. இதைக் கேட்ட ஓர் உப்பளத் தொழிலாளி, தன்னையும் அப்படி ஒருமுறை நீக்கச் சொல்ல யாரிடம் மனுக்கொடுக்க வேண்டும் என்று விசாரித்தார்.

சொந்த நாட்டு விடயத்தில் நாங்கள் இவ்வளவு கண்டிப்பானவர்கள் அல்ல. 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை சர்வதேசப் பந்தாட்டமே இல்லை. புத்தளத்தில் பையன்கள் இருட்டும்வரை பந்தடிக்கிறார்கள், வென்னப்புவையில் நியூ யங்ஸ் போல ஒரு கழகம் இருக்கிறது. ஆகவே பெரிய விடயம்தான். ஆனால் மறுநாள் இரவு ஆர்சனல் தொண்ணூறாவது நிமிடத்தில் அடித்து யுனைடெட்டை 3–2 என்று வென்றுவிட்டது. எதைப் பேசியிருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. சலூன் நானா அன்று சிலருக்கு இலவசமாகச் சவரம் செய்தார்; சம்மாட்டி ஒரு கிழமை தாடியோடு திரிந்தார்.

கடைசியாக, ஐரோப்பியக் கழக உரிமையாளர்களுக்குக் கற்பிட்டியிலிருந்து ஒரு விண்ணப்பம். மொயெஸையும் மொரின்யோவையும் செவ்வாயில் அனுப்பினீர்கள். வான் கால், டென் ஹாக், அமோரிம் மூவரையும் திங்களில். இரண்டும் தொழில் நாள். பேசிப் பேசியே எங்களுக்கு நாள்கூலி போகிறது. டொட்டன்ஹாம் மட்டும் ஐரோப்பா லீக் வென்று பதினாறாம் நாள் பொஸ்டெகோக்லுவை ஒரு வெள்ளியில் அனுப்பியது. அதுவும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின இரவு. மாட்டைப் பற்றிப் பேச வேண்டிய வீடுகளில் அந்த ஆஸ்திரேலியரைப் பற்றிப் பேசினோம். திகதியைத் தவிர, கிழமை சரி. வெள்ளிக்கிழமை எங்கள் வள்ளங்கள் இறங்குவதில்லை. ஆகவே யாரை அனுப்புவதென்றாலும் வெள்ளிக்கிழமை, நம் நேரத்துக்கு ஜும்ஆ முடிந்து சோறு தின்ற பிறகு அறிவியுங்கள். தலவில அண்ணனுக்கு ஞாயிறுதான் வசதி. செல்சி வேண்டுமானால் அவருக்காகத் தனியாக யோசிக்கட்டும்.