ஆமா போட ஆள் தேவை

திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு இன்று வருகிறவர்களில் பாதிப்பேர் டாக்டரைப் பார்க்க வருகிறார்கள். மீதிப்பேர் ஜவுளி எடுக்க வருகிறார்கள். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் பாட்டுக் கேட்க வந்தது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீடு அப்போது இங்கேதான். சட்டம் படித்துவிட்டுக் கம்பனுக்காக வாதாடிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். அந்தச் சபைக்கு வட்டத்தொட்டி என்று பெயர். டி.கே.சி. எந்தப் பாட்டில் சொக்கிக் கிடக்கிறாரோ, அதில் வந்தவர்களும் சொக்கியாக வேண்டும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டுவார். கேட்கிறவர் தலை தானாக ஆடும்வரை விடமாட்டார்.

அந்தக் காற்று இன்னும் பேட்டையில் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. தெருவில் அவருக்கு அண்ணாச்சி என்று பெயர். நவீன ஓவியம், நவீன இசை, நவீன வடிவமைப்பு என்று தினமும் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிப்பது நடுராத்திரி, ஊருக்குச் சொல்வது விடியக்காலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அது சொல்லாமலே புரியும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னதும், குடம் அடிக்கிறவரும் உடுக்கை அடிக்கிறவரும் ‘ஆமா’ போட வேண்டும். ஆமா விழாவிட்டால் கதை நகராது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகத்துக்கே பக்கத்தில் ஒரு குழு தேவைப்பட்டது. அண்ணாச்சியிடம் வில்லும் கோலும் தயார். ஆமா போடத்தான் ஆள் அகப்படவில்லை.

முதலில் அகப்பட்டவர் பழக்கடைக்காரர்.

2019இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரத்துக் கலைச் சந்தையில், மௌரிட்சியோ கட்டலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு வாழைப்பழத்தை வெள்ளி நிற டேப்பால் சுவரில் ஒட்டி, ‘காமெடியன்’ என்று பெயர் வைத்தார். விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் அதே படைப்பின் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ முதலாளி. ஹாங்காங்கில் நிருபர்களைக் கூட்டிவைத்து, உரித்துத் தின்றும் காட்டினார்.

“ஒரு தாருக்கா அண்ணாச்சி?”

“ஒத்தப் பழத்துக்குவே.”

“ஏத்தனா, செவ்வாழையா?”

“அதுவா முக்கியம்? காசு குடுத்தவருக்கு ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டணும்ங்கிற குறிப்பும் கிடைக்கும். பழம் அழுகுனா வேற பழம் மாத்திக்கிடலாம்.”

கடைக்காரர் தார்களை ஒரு பார்வை பார்த்தார். “இங்க அழுகுனா எனக்குல்லா நட்டம். அவன் சூதானமான ஆளு.”

ஏலத்துக்கு வந்த பழம், அந்த ஏலக் கம்பெனிக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் 35 சென்டுக்கு வாங்கியது. அதை விற்ற வங்கதேசத்து முதியவர் ஏலத்தொகையைக் கேட்டதும் அழுதுவிட்டார் என்று பத்திரிகையில் வந்தது. அண்ணாச்சி இதையும் சொன்னார். “அவரு பாவம்” என்றார் கடைக்காரர். கலை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இவர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டதில் அண்ணாச்சிக்கு வியப்பு. ஆனால் ஆமா விழவில்லை.

அடுத்தது டீக்கடை. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்து வுட்ஸ்டாக்கில், டேவிட் டியூடர் என்ற கலைஞர் பியானோ முன்னால் உட்கார்ந்தார். மூடியைச் சாத்தினார், திறந்தார். இப்படி மூன்று பகுதிகளை நடத்தி 4 நிமிஷம் 33 வினாடியில் எழுந்துகொண்டார். ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஜான் கேஜ் அமைத்த இசை அது. அந்த நேரத்தில் சுற்றுமுற்றும் காதில் விழுவதுதான் கச்சேரி என்பது கேஜின் கட்சி.

அண்ணாச்சி போனை பெஞ்சில் நிறுத்திப் போட்டுக் காட்டினார். “சார்ஜ் இல்லையோ?” என்றார் ஒருவர். கூட வந்திருந்த அண்ணாச்சியின் மச்சினர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மேம்பாலத்துப் பக்கம் ஏர்ஹாரன்; “ஜங்ஷன், டவுன்” என்று நடத்துநர் குரல்; ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆம்புலன்ஸ்; பாய்லருக்கு முன்னால் டீ ஆற்றுகிற சத்தம். வுட்ஸ்டாக்கைவிட வண்ணார்பேட்டை அமோகமாக வாசித்தது.

“இதுக்கு டிக்கெட் போட்டாவளா?” என்றார் மாஸ்டர்.

“போட்டாங்க.”

“அப்ப நானும் போடலாம்லா.”

வடிவமைப்புக்கு மாமாவைப் பிடித்தார். 1990இல் பிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இத்தாலியின் அலெஸ்ஸி கம்பெனிக்காகச் செய்த எலுமிச்சை பிழியும் கருவி, ‘ஜூசி சாலிஃப்’. அலுமினிய உடம்பு, நெட்டையாக மூன்று கால்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே இடம் பிடித்த பொருள். படத்தைப் பார்த்த மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வெதை எங்க தங்கும்?”

எங்கேயும் தங்காது, சாற்றோடு டம்ளருக்கே வந்துவிடும். இது பழம் பிழிய அல்ல, பேச்சைத் தொடங்கிவைக்க என்று ஸ்டார்க்கே சொன்னதாக ஒரு கதை உண்டு. அண்ணாச்சி அதைச் சொல்லிச் சமாளித்தார்.

“நம்ம வீட்டுலதான் எலுமிச்சம்பழமே இல்லாம பேச்சு ஆரம்பிச்சிருதே மருமவனே.”

கடைசியில் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் உட்கார்ந்தார். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசு கேட்டுக்கொண்டபடி இங்கே சுற்றிவிட்டு 1958இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது அதை வைத்துத்தான். இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே அவர்கள் அதிகம் மெச்சியது சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, சரிக்கும்போது எப்படி ஊற்றும், கழுவ வாகாக இருக்குமா, வேறு பாத்திரத்தில் இடித்தால் என்ன ஓசை வரும் என்றெல்லாம் ஒரு சொம்பைச் செய்யுமுன் யோசிக்க வேண்டியதைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

அம்மா புளி கரைத்தபடியே கேட்டார். “எடைக்குப் போட்டா என்ன தேறும்னு எழுதிருக்கானா?”

எழுதியிருக்கிறார்கள். பழசானபின் தேறும் மதிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

“ஆமா, அப்ப வெவரமானவந்தான்” என்றார் அம்மா.

விழுந்துவிட்டது ஆமா. அண்ணாச்சிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. டி.கே.சி. எப்படிச் சாதித்தார் என்று புரட்டிப் பார்த்தார். மனிதர் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டு ஊட்டுவார். பிடிக்காத பாட்டு வந்தால் அது கம்பர் பாட்டே இல்லை, இடைச்செருகல் என்று தள்ளிவிடுவார். புலவர்கள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. 1940களில் தமிழிசைக்காகக் கொடி பிடித்தபோதும் அதே பிடிவாதம். வந்தவர்களுக்கு உபசாரமும் குறைவில்லாமல் நடக்கும். விலையும் வருஷமும் அண்ணாச்சி சொன்ன அளவுக்கு அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பாய் விரிந்தது. உளுந்தவடை ஒரு சுற்று வந்தது. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஓடியது. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் மேதைக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட தொகுப்பு என்று சொல்ல அண்ணாச்சியின் நாக்கு துடித்தது. வாயில் வடையை வைத்து அடைத்துக்கொண்டார். வயலின் ஏறி இறங்கியதில் மாமாவின் கை தொடையில் தாளம் போட்டது. டீ மாஸ்டர் முதல் உருப்படியை இன்னொரு தடவை போடச் சொன்னார். பழக்கடைக்காரர் மட்டும் வேறு யோசனையில் இருந்தார்.

மறுநாள் காலையில் அந்தக் கடைச் சுவரில் ஒரு ஏத்தன்பழம் டேப்பில் ஒட்டியிருந்தது. கீழே அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“விசாரிச்சுட்டுச் சும்மா போவ கூச்சப்படுதாவ அண்ணாச்சி. ஆளுக்கு ஒரு சீப்பு வாங்கிட்டுப் போறாவ.”

“சான்றிதழ் கேட்டா?”

“பில் புக்குல எழுதிக் குடுத்துருவோம். டேப்பு மட்டும் இருவது ரூவா ஆச்சு. அது ஒங்க கணக்கு.”